கறுப்புப் பட்டைக்குக் கீழே ரேணுகா வீடியோ

ஆவடியில் வீடியோ டெக் வாடகைக்கு விட்ட முதல் ஆள் நான். மார்க்கெட்டுக்குப் பின்னால், மாவு மில்லுக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் ஒரு ஆள் மட்டும் நிற்கக்கூடிய இடத்தில் ஆரம்பித்த ரேணுகா வீடியோவை, சுவரோடு சுவராக கேசட் அடுக்கிய மூன்று அறைக் கடையாக ஆக்கினவன் நான். டேங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் மொட்டை மாடிகளில் நின்ற ஆன்டெனாக்களில் பாதி என் கையால் கட்டியது. திருவள்ளூர் வரைக்கும் கல்யாண வீட்டுக்கு டெக்கும் டிவியும் தூக்கிக்கொண்டு போனேன். எனக்கு முதலாளி கிடையாது, பங்காளி கிடையாது, பேங்க் லோன் கிடையாது.

நசரத்பேட்டையில் என் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். பர்மா பஜாரில் முதல் டெக்கை வாங்கியபோது கூடவே தடியாக ஒரு இங்கிலீஷ் புத்தகம் கொடுத்தார்கள். அதை டெக்குக்குக் கீழே முட்டுக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்த்தே கற்றுக்கொண்டேன். ரெக்கார்டிங் பட்டனுக்கு என் மனைவியின் சிவப்புப் பொட்டு ஒன்றை ஒட்டி வைத்தேன். பிற்பாடு இன்ஜினியருக்குப் படித்தவர்களெல்லாம் "ஹெட் க்ளீன் பண்ணணும், ட்ராக்கிங் போகுது" என்று என் கடைக்குத்தான் டெக்கைத் தூக்கி வந்தார்கள். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. ஒரு டிவி தொடருக்காக. அதன் பெயரை எழுதினால் கேஸ் போடுவோம் என்று அதைக் கேசட்டாகப் போட்ட கம்பெனிக்காரர்கள் ஒருமுறை சொல்லியிருக்கிறார்கள். அதனால் தொடர் என்றே எழுதுகிறேன். எண்பதுகளின் கடைசியில் வாரத்துக்கு ஒருநாள் டிவி முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு எது என்று தெரிந்துவிடும். ஒரு கூட்டுக் குடும்பம், ஒரு ரைஸ் மில், நாலு அண்ணன் தம்பி.

மஞ்சள் எழுத்து

அந்தத் தொடரை ஒரு வாரம்கூட விடாமல் டிவியிலிருந்து நான் ரெக்கார்டு செய்தேன். குவார்ட்டர்ஸில் ஷிஃப்ட் டியூட்டி. பாதிப் பேர் தொடர் ஓடும் நேரத்தில் ஃபேக்டரிக்குள் இருப்பார்கள். மறுநாள் காலையில் கடைக்கு வந்து, "நேத்து இன்னா ஆச்சு அண்ணாத்தே? பெரியவன் மில்லை எழுதிக் குட்த்துட்டானா?" என்பார்கள். கதை சொல்வது என் தொழில் இல்லை, கேசட் கொடுப்பதுதான் தொழில். கொடுத்தேன். படத்தைவிட அதற்குத்தான் கிராக்கி.

அந்தக் காலத்தில் வீடியோ லைப்ரரிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு வழக்கம் உண்டு. தன் கேசட்டை இன்னொரு கடைக்காரன் காப்பி அடித்துவிடக் கூடாது என்று, படத்தின் மேலேயே கடைப் பெயரைப் பதித்துவிடுவோம். ரிச்சி தெருவில் அதற்கென்று ஒரு மெஷின் வாங்கினேன். டிவியிலிருந்து ரெக்கார்டு ஆகும்போதே திரையின் அடியில் 'ரேணுகா வீடியோ, கன்னியப்பன், ஆவடி' என்று மஞ்சள் எழுத்து வந்து நிற்கும். ஒரு விரல் உயரம். சிலபேர் எழுத்தை ஓட விடுவார்கள். எனக்கு அது பிடிக்காது. என் பெயர் எதற்கு ஓட வேண்டும்? நிற்கட்டும் என்று நிற்க வைத்தேன். ரேணுகா என் அம்மா.

பூரணம் அக்கா

சுப்பையா சார் டேங்க் ஃபேக்டரியில் மெஷினிஸ்ட். கோவில்பட்டிப் பக்கத்து ஆள். அவருடைய வீட்டுக்காரம்மா பூரணம். அந்தத் தொடரில் ஒரு கல்யாணக் காட்சி வரும். அதைப் பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் ஒரு மண்டபத்தில் எடுத்தார்கள். கூட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று குவார்ட்டர்ஸ் பெண்களைக் கூட்டிப்போய் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பூரணம் அக்கா கையில் அட்சதைத் தட்டு. தாலி கட்டும் நேரத்தில் தாத்தாவாக நடித்தவர் பின்னால் பார்க்காமல் சந்தனக் கிண்ணத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். அக்கா மட்டும் சிரித்துவிட்டார். திரையின் அடிப்பக்கம், நட்ட நடுவில். டைரக்டர் அதை அப்படியே விட்டுவிட்டார்.

அந்தக் கேசட்டை அக்கா வீட்டில் எத்தனை முறை வாடகைக்கு எடுத்திருப்பார்கள் என்று கணக்கில்லை. ஒருநாள் சாரோடு கடைக்கு வந்த அக்காவிடம் நானே கேட்டேன்.

"இன்னாக்கா, அந்த இடத்துலயே நிறுத்தி நிறுத்திப் பாத்துகினு இருந்தா டேப்பு தேஞ்சிடாதா? கோடு கோடா வருது பாரு."

"நான் எங்கய்யா நிப்பாட்டுதேன்? அவுகதான் நிப்பாட்டுதாவ" என்று சாரைக் காட்டிவிட்டு வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தார். முன்பல் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அதனால் எப்போதும் அப்படித்தான்.

"தம்பி, ஒண்ணு சொல்லட்டா? உன் கடைப் பேரு சரியா எங் கழுத்துல வந்து நிக்கி. மஞ்ச மஞ்சேன்னு அட்டியல் போட்ட மாதிரி இருக்கு. இவுக வாங்கித் தராத அட்டியல நீ போட்டு உட்டுட்டியே!"

சுப்பையா சார் சிரிக்கவில்லை. அக்கா வெளியே போனபிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "கையில தட்டு இருந்துச்சுல்லா. வாய மூட முடியல. கல்யாண போட்டோவுலகூட உர்ருன்னுதான் இருப்பா. அவ பல்லு தெரியச் சிரிச்சது அந்த ஒரு தடவதாம்வே."

ஒரிஜினல் வருது

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள், தி.நகர் பக்கத்து கேசட் கம்பெனி ஒன்றிலிருந்து சஃபாரி சூட் போட்ட மேனேஜர் கடைக்கு வந்தார். அந்தத் தொடரின் வீடியோ உரிமையை வாங்கிவிட்டார்களாம். பன்னிரண்டு வால்யூமாக ஒரிஜினல் போடப் போகிறார்களாம்.

"உங்ககிட்ட இருக்கறது எல்லாம் திருட்டு கேசட்டுப்பா. போலீஸோட வந்து அள்ளிக்கிட்டுப் போயிருக்கலாம். நான் மரியாதையா வந்திருக்கேன்" என்றார்.

"இன்னா விஷயம்னு சொல்லு சார். மெரட்டறதுக்கு இம்மாந்தூரம் வந்திருக்க மாட்டீங்க."

விஷயம் இதுதான். தயாரிப்பாளர் வீட்டில் ஈரத்தில் கிடந்து நடுவில் உள்ள மாஸ்டர் டேப்புகளில் பூஞ்சை பிடித்துவிட்டது. கல்யாணக் காட்சியும் அதில் சேர்த்தி. தொடர் முழுவதையும் ஒரு வாரம்கூட விடாமல் ரெக்கார்டு செய்தவன் ஆவடியில் ஒருத்தன் இருக்கிறான் என்று யாரோ சொல்லித்தான் வந்திருக்கிறார். சஃபாரி சூட் போட்ட மனிதர், பெரிய கம்பெனி, நாலாம் வகுப்பு கன்னியப்பனைத் தேடி மாவு மில் சந்துக்குள் வந்து நிற்கிறார். எனக்கு நெஞ்சு இப்படி விரிந்தது.

"என் பேரு போடுவியா சார்?"

"டைட்டில்லயே போடறோம். 'நன்றி'ன்னு தனி கார்டு."

கொடுத்தேன். முதல் ரெக்கார்டிங் அத்தனையும் கொடுத்தேன்.

காப்பி எடுத்து வைத்துக்கொள்ளவில்லையா என்று கேட்பீர்கள். என் கடையில் வாடகைக்குச் சுற்றிக்கொண்டிருந்ததே காப்பிதான். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். ஒரிஜினல் பிரிண்ட் வருகிறது என்று தெரிந்துவிட்டால் பழையதை யாரும் வைத்துக்கொள்ள மாட்டோம். தியேட்டரில் கேமரா வைத்து எடுத்த பிரிண்டை, நல்ல பிரிண்ட் வந்த அன்றே அழித்துவிட்டு அதே டேப்பில் வேறு படம் ஏற்றுவோம். அதுதான் சுத்தமான கடைக்கு அடையாளம். தவறி அழிந்துவிடக் கூடாது என்று கேசட்டில் உடைத்துவிட்ட மூலையில் செல்லோடேப்பை ஒட்டினால் மறுபடியும் ரெக்கார்டு ஆகும். கோடு விழுந்த என் காப்பிகளின் மேல் அந்த வருஷப் பொங்கல் படங்களை ஏற்றினேன். பூரணம் அக்காவின் சிரிப்பு இருந்த டேப்பில் ஒரு சண்டைப் படம் ஏறியது. ஒரிஜினல்தான் வருகிறதே, இனி கோடில்லாமல் பார்க்கலாம் என்று சார்கூட சந்தோஷப்பட்டார்.

காலி அறைகள்

முதல் வால்யூம் வந்தது. கண்ணாடி மாதிரி பிரிண்ட். என் கடை வாசலில் வரிசை நின்று வாங்கினார்கள். இரண்டாவது வர அடுத்த மழைக்காலம் ஆனது. அதன்பிறகு சத்தமே இல்லை. திடீரென்று நாலாவது வந்தது. அதற்குப் பிறகு மூன்றாவது. முதல் இரண்டும் நீல அட்டை, நாலாவது பச்சை அட்டை, மூன்றாவது அளவே வேறு. அதிலும் இரண்டாவதில் வந்த கடைசி வாரத்தையே மறுபடியும் போட்டு நீட்டியிருந்தார்கள்.

வாங்கிச் சேர்க்கிறவர்களின் வயிற்றெரிச்சலை வாங்கிக் கட்டிக்கொண்டது கம்பெனி இல்லை, நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் தாசு என்று ஒருவன், தினமும் வந்து கவுன்டரில் முழங்கையை ஊன்றி நிற்பான்.

"இன்னா மாமே, அஞ்சாவது வந்துச்சா?"

"வரலடா."

"எம் பொண்ணு கல்யாணத்தப்ப மொத பாகம் வாங்கினேன். அதுக்கு ரெண்டு கொயந்தையே பொறந்துடுச்சி. உன் கம்பெனிக்காரன் இன்னும் மாசமாவே கீறானா?"

"எங் கம்பெனியா? எங்கிட்ட இன்னாத்துக்குடா கேக்கற?"

"உன் பேருதான் டைட்டில்ல வருதுன்னு ஆவடி பூரா சொல்லிகினு திரிஞ்சே இல்ல? அப்ப உன்னாண்டதான் கேப்பேன்."

அவன் சொன்னது நியாயம். நாலு வால்யூமிலும் என் பெயர் வரவில்லை. கேட்டதற்கு, "உங்க டேப்பு நடுவுலதானே வருது, அப்ப போடுவோம்" என்றார் மேனேஜர்.

சுப்பையா சார் தாசு மாதிரி சத்தம் போடுகிறவர் இல்லை. அவர் ஃபேக்டரிக்காரர். முதல் வால்யூம் வந்த அன்றே தேக்குப் பலகையில் பன்னிரண்டு அறை வைத்து ஒரு ஸ்டாண்டு செய்துவிட்டார். கேசட் அளவுக்குக் கச்சிதமாக, உரசாமல் போய் உட்காரும். அறைக்கு ஒரு நம்பர், பித்தளையில் வெட்டி ஒட்டியது. வந்த நாலும் அதில் உட்கார்ந்தன, மூன்றாவது மட்டும் தலை நீட்டிக்கொண்டு. மற்ற எட்டும் காலி.

நான் அவர் வீட்டுக்கு ஆன்டெனா பார்க்கப் போகும்போதெல்லாம் அந்தக் காலி அறைகளில் ஏதாவது ஒன்று இருக்கும். முதலில் சீப்பு, பவுடர் டப்பா. அப்புறம் ஒருமுறை போனபோது மாத்திரை அட்டைகள். அடுத்த முறை மாத்திரை ஏழாம் அறைவரை வந்திருந்தது. பூரணம் அக்கா கட்டிலில் படுத்திருந்தார். எட்டாம் அறையை மட்டும் துடைத்துக் காலியாக வைத்திருந்தார்கள். கம்பெனிப் பட்டியல்படி கல்யாணக் காட்சி எட்டாவது வால்யூம்.

"தம்பி, நீ பெரிய ஆளுல்லா. கம்பெனிக்காரன் உன்னத் தேடி வந்தாம்லா. அந்த எட்டாவதை மட்டும் முன்னால போடச் சொல்லேன்" என்றார் அக்கா. விளையாட்டாகச் சொல்வது போலத்தான் சொன்னார்.

அடுத்த நாளே பஸ் பிடித்து தி.நகர் போனேன். மேனேஜர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், எட்டாவதை மொதல்ல உடு சார்."

"அஞ்சு வராம எட்டு எப்படிப்பா வரும்? வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"மூணுக்கு முன்னாடி நாலு உட்டியே சார், அது இன்னா வரிசை?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அட்டை பிரின்ட் ஆகவில்லை என்றார். அட்டையில் தன் படம் சின்னதாக இருக்கிறது என்று பெரிய அண்ணனாக நடித்தவர் கோபித்துக்கொண்டார் என்றார். ஹிந்திப் படம் ஒன்று கைக்கு வந்திருப்பதால் டேப் எல்லாம் அதற்குப் போகிறது என்றார்.

"சரி சார். என் கேசட்டையாவது திருப்பிக் குடு. ஒருநாளு போதும். ஒரு பொம்பள பாக்கணும். பாத்ததும் நானே கொண்டாந்து குட்த்துடறேன்."

"அது எங்கயோ எடிட்டிங்ல இருக்குப்பா. தேடணும்."

"தேடு சார். நான் இங்கயே குந்திகினு கீறேன்."

"கன்னியப்பன், உங்க டேப்பு உங்க சொத்து இல்ல. புரிஞ்சுக்கங்க. அது எங்க ப்ராபர்ட்டி."

சாயங்காலம் ஷட்டர் இறக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். யாரும் தேடவில்லை. அதன்பிறகும் சில தடவை போனேன். கடைசியில் வாட்ச்மேனே உள்ளே விடவில்லை. ஆவடி வட்டாரத்தில் நான் வாயைத் திறந்து கேட்டு நடக்காத காரியம் கிடையாது. இது நடக்கவில்லை.

ஐந்தாவது வால்யூமும் வரவில்லை. பூரணம் அக்கா போய்விட்டார். சாவு வீட்டில் கூடத்தின் மூலையில் அந்த ஸ்டாண்டு இருந்தது. எட்டாம் அறையில் யாரோ ஊதுபத்தி பாக்கெட்டைச் செருகியிருந்தார்கள். சார் எழுந்து போய் அதை எடுத்து வேறு இடத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

சிடி

தொண்ணூறுகளின் கடைசியில் டெக் போய் சிடி பிளேயர் வந்தது. கேபிள்காரன் பாதிக் கடையைத் தின்றுவிட்டான், மீதியை சிடிக்காரன் தின்றான். நானும் கேசட்டையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு சிடி அடுக்கினேன். அப்போது அந்தக் கம்பெனி எல்லா வாரத்தையும் சேர்த்து ஒரே பெட்டியாக சிடி போட்டது. ஒரு வார்த்தை எனக்குச் சொல்லவில்லை. விளம்பரத்தைப் பார்த்துவிட்டு சுப்பையா சார்தான் பெட்டியோடு கடைக்கு வந்தார். அவர் வீட்டில் பிளேயர் கிடையாது.

"போடும்வே. எட்டாவதுன்னு நம்பர் இல்ல இதுல. நீரே பாத்து எடும்."

முதலில் டைட்டில் பார்த்தேன். நன்றி என்று ஒரு கார்டு வந்தது. மண்டபத்துக்காரர், நகைக் கடைக்காரர், சாப்பாடு போட்டவர் எல்லோருக்கும் நன்றி. என் பெயர் இல்லை. அது போகட்டும் என்று கல்யாணக் காட்சிக்குப் போனேன்.

என் ரெக்கார்டிங்தான். எனக்குத் தெரியாதா? ஓரத்தில் உருவம் இரண்டாகத் தெரியும் என் ஆன்டெனாவின் பேய் நிழல்கூட அப்படியே இருந்தது. ஆனால் திரையின் அடியில் ஒரு கறுப்புப் பட்டை. என் பெயரை மறைக்க அடித்தது. என் எழுத்து ஒரு விரல் உயரம்தான். அவர்கள் அடித்தது நாலு விரல். இன்னொருத்தன் கடைப் பெயரின் தலைகூடத் தெரியக் கூடாது என்று தாராளமாக அடித்துவிட்டார்கள்.

தாத்தா பின்னால் நகர்ந்தார். கிண்ணத்தின் மேல் உட்கார்ந்தார். முன்வரிசையில் ஒரு கொண்டை ஆடியது. கனகாம்பரம் தெரிந்தது, நெற்றிப் பொட்டு தெரிந்தது, சிரிப்பில் சுருங்கின கண் இரண்டும் தெரிந்தன. மூக்குக்குக் கீழே கறுப்பு.

நிறுத்தினேன். பின்னால் ஓட்டினேன். மறுபடியும் போட்டேன். பட்டை நகரவில்லை.

"சார், பிளேயர்ல எதுனா கோளாறா இருக்கும் சார். வேற டிவில போட்டுப் பாக்கலாம்" என்றேன். ஒரு கோளாறும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

சுப்பையா சார் டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"இப்பமும் வாய மூடிக்கிட்டாளே" என்றார்.

அவ்வளவுதான். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போது

கடைத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். புதுசு வருகிறது என்று எவன் சொன்னாலும், அது உன் கைக்கு வந்து, முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிப் பார்க்கிறவரைக்கும் பழசை அழிக்காதே. பெரிய மனிதன் வாசலுக்கு வந்தான் என்று நெஞ்சு விரிந்தால், விரிந்த நெஞ்சோடு ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள். எனக்கு அன்றைக்கு அது தோன்றவில்லை. மூன்று அறைக் கடை கட்டின எனக்கு ஒரு காப்பி எடுக்கத் தோன்றவில்லை.

ஐயப்பன்தாங்கலில் மகள் வீட்டில் இருக்கிறார் சுப்பையா சார். நான் மாதம் ஒருமுறை போய்ப் பார்ப்பேன். தொடரைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை. ஸ்டாண்டு கூடத்தில் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் பென்சில் போட்டு வைத்திருக்கிறார்கள். எட்டாம் அறையில் மட்டும் போட விடுவதில்லை.

இப்போது அந்தக் கம்பெனியை மேனேஜரின் மகன் நடத்துகிறாராம். தொடரைத் துடைத்துப் பளபளப்பாக்கி மறுபடியும் வெளியிடப் போவதாக என் காதுக்கு வந்திருக்கிறது. எப்போது வரும் என்று கேட்கவில்லை. அவர்களுடைய 'எப்போது' எனக்குத் தெரியும். அந்தத் தம்பிக்கு நான் சொல்வது இதுதான்.

உங்கள் அலமாரியில் என் கேசட்டுகள் இருக்கும். வெள்ளை ஸ்டிக்கரில் நீல மையில் கோணல் எழுத்து, அது என் கை. பூஞ்சை பிடித்தது உங்கள் மாஸ்டரில், என்னுடையதில் இல்லை. உங்கள் தொடர் முழுசாக இருப்பது என்னால். நன்றிக் கார்டில் சாப்பாடு போட்டவருக்கும் மேலே என் பெயர் வர வேண்டும்: பதிவு செய்து காப்பாற்றியவர் கன்னியப்பன், ரேணுகா வீடியோ, ஆவடி. இதைக் கெஞ்சிக் கேட்கவில்லை. எனக்குச் சேர வேண்டியது, கேட்கிறேன்.

கல்யாணக் காட்சியில் அந்தப் பட்டையை எடுத்துவிடுங்கள். என் பெயர் அசிங்கமாகத் தெரிகிறதே என்று மறுபடியும் எதையாவது வைத்து மூடாதீர்கள். மஞ்சள் எழுத்து இருந்த இடத்தில் அப்படியே இருக்கட்டும். அதற்கு மேலே ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டிருக்கிறார்.